வலையில் விழுந்தவை மீன்கள் மட்டுமே

1994ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17ஆம் நாள், ஷா ஆலம் அரங்கில் நடைபெற்ற மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் அணி பகாங் அணியை 4-0 என்ற கோல் கணக்கில் வென்றது. 1980க்குப் பின் கைக்கு எட்டாதிருந்த கிண்ணம் அது. அந்தப் பருவத்தில்தான் தொடங்கப்பெற்ற லீகா பெர்டானா பட்டமும் அவ்வணிக்கே கிடைத்தது. ஆதலின், சிங்கப்பூரில் அந்தப் பருவத்தைப் பொற்காலம் என்று போற்றுகின்றனர். மலேசியாவிலோ, காற்பந்து சீரழிந்த இருண்ட காலம் என்று தூற்றுகின்றனர். போற்றுவோர் கையூட்டை மறந்துவிடுகின்றனர். தூற்றுவோர் கையூட்டு வாங்கியவரை மட்டுமே நினைவில் வைத்திருக்கின்றனர். இவ்விரு பேச்சும் நம் மாணவர்க்கு நன்மை பயப்பன அல்ல.

நடந்ததை நினைவுகூர்வோம். 1989இல் அரைத் தொழில்முறையாகத் தொடங்கிய மலேசிய லீக், 1994இல் முழுத் தொழில்முறைப் போட்டியாக மாறியது. ஆட்டத்தில் பணம் புகுந்தது; அப்பணத்தின் பின்னே பந்தயக் கும்பலும் புகுந்தது. ஆட்ட முடிவுகள் விலைபேசப்பட்டன. காவல்துறை விசாரணை தொடங்கியபின் 126 ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டனர். 58 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். ஆட்டக்காரரும் பயிற்சியாளருமாக 21 பேர் நீக்கப்பட்டனர். சிலர் நீதிமன்ற விசாரணையின்றியே சொந்த ஊரைவிட்டு வேறு மாவட்டங்களில் குடியிருக்குமாறு அனுப்பப்பட்டனர்.

கையூட்டு வாங்கியவருக்காக நான் வாதாட வரவில்லை. தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் உழைத்து, அந்த வார ஊதியத்தில் நுழைவுச் சீட்டு வாங்கி, தொண்டை வறளக் கத்திய இரசிகனை ஏமாற்றியது பெருங்குற்றம். அதில் ஐயமில்லை. என் வினா வேறு: குற்றம் இழைத்தவர் யார், இழைக்காதவர் யார் என்பதைப் பொதுமக்கள் முன்னிலையில் தெளிந்தோமா? விசாரணையின்றித் தண்டிக்கப்பட்டவனின் குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை. தான் குற்றமற்றவன் என்று மெய்ப்பிக்க அவனுக்கும் வாய்ப்பில்லை. இளமை முடியுமுன்னே முடிந்துவிடும் தொழில் அவனுடையது. இழந்த ஈராண்டை அவனுக்கு யார் திருப்பித் தருவார்?

"பந்தயக் கும்பலை எதிர்த்துச் சாட்சி சொல்ல எவன் முன்வருவான்? சான்று கிடைக்காத இடத்தில் வேறு வழி ஏது?" என்பர் சிலர். சான்று அரிது என்பது உண்மைதான். ஆயினும், அதே பருவத்தைப் பற்றிய சில வழக்குகளைச் சிங்கப்பூர் நீதிமன்றத்திற்குக் கொண்டுசென்றது. இறுதியாட்டத்தில் மூன்று கோல் அடித்த அப்பாஸ் சாட், 1995இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு 50,000 வெள்ளி தண்டம் கட்டினார். அத்தீர்ப்பை ஏற்பவர் ஏற்கலாம், மறுப்பவர் மறுக்கலாம். ஆனால் குற்றச்சாட்டும் சான்றும் மறுமொழியும் அவையில் வைக்கப்பட்டன. விசாரணையின்றி வழங்கப்பட்ட தண்டனையை ஏற்பதற்கும் மறுப்பதற்கும் நம்மிடம் என்ன இருக்கிறது?

சிலப்பதிகாரத்தை நாம் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். கண்ணகி பாண்டியனிடம் இரக்கம் கேட்டாளா? இல்லை. சான்றை அவையில் வைத்தாள். சிலம்பு உடைந்தபோது உண்மை எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. 1994இன் ஆட்டக்காரர் பலருக்குச் சிலம்பை உடைத்துக் காட்ட ஓர் அவை கிடைக்கவில்லை. காப்பியத்தில் அநீதியைக் கண்டு கொதிக்கும் நாம், காற்பந்துத் திடலில் அதைக் கண்டால் மட்டும் "விளையாட்டுத்தானே" என்று வாளாவிருப்பது முறையா?

விற்கப்பட்ட ஆட்டத்திற்கு நம் நாட்டார் வைத்த பெயர் கேலோங். கடலில் கழிகளை நட்டு மீனைச் சிக்கவைக்கும் பொறியின் பெயர் அது. மீன் தானாக அப்பொறியைக் கட்டுவதில்லை. கட்டியவன் ஒருவன்; அதற்குப் பொருள் கொடுத்தவன் ஒருவன்; கட்டும்போது கண்ணை மூடிக்கொண்டு காவலிருந்தவன் ஒருவன். திறந்த நீதிமன்ற விசாரணை பரவலாக நடந்திருந்தால், பொறியின் அமைப்பு முழுவதும் வெளிச்சத்திற்கு வந்திருக்கும். அவ்வாறு நடவாமையால் மீனைக் கண்டோம், பொறியைக் காணவில்லை. விளைவு என்ன? 19 ஆண்டுகள் கழித்து, 2013இல், ஐரோப்பாவில் மட்டும் 380 ஆட்டங்கள் ஐயத்திற்குரியவை என்று ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் அறிவித்தபோது, சிங்கப்பூரில் வேரூன்றிய கும்பல் ஒன்றையும் சுட்டிக்காட்டியது. இலையைக் கிள்ளினோம், நோய் வேரோடு அகலவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

இன்னொன்றையும் கருத வேண்டும். 1995 பிப்ரவரியில் சிங்கப்பூர், மலேசியப் போட்டிகளிலிருந்து விலகியது. நுழைவுச் சீட்டு வருவாயில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதில் எழுந்த பிணக்கு அதற்கு ஒரு காரணம். ஆட்டம் விற்கப்படுகிறதென்று நாடே புலம்பிய வேளையில் இரு சங்கங்களும் வருவாயின் பங்கிற்காகப் பிணங்கின! 1921 முதல் இரு கரையையும் இணைத்து வந்த கிண்ணப் போட்டியின் உறவு இவ்வாறு அறுந்தது. பணத்தாசை என்று ஆட்டக்காரனை நோக்கி நீட்டிய விரல், தம்மை நோக்கியும் திரும்ப வேண்டாவா?

தமிழாசிரியப் பெருமக்களே! "விளையாட்டின் பயன்" என்று மாணவருக்குக் கட்டுரைத் தலைப்புக் கொடுக்கிறோம். உடல் வலிமை, ஒற்றுமை, விட்டுக்கொடுத்தல் என்று அவர்களும் வரிசையாக எழுதித் தருகின்றனர். இனி 1994ஆம் ஆண்டின் கதையையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். அந்தக் கிண்ணத்தையும் சொல்லுங்கள், கையூட்டையும் சொல்லுங்கள், விசாரணையின்றி ஊர் நீங்கியவரையும் சொல்லுங்கள். நடுவுநிலைமை என்பது நடுவரின் சீழ்க்கையோடு முடிந்துவிடுவதன்று. தண்டிக்கும் முன் கேட்பதும் நடுவுநிலைமையே என்று நம் மாணவர் எழுதத் தொடங்கினால், அதுவே விளையாட்டின் தலையாய பயனாகும்.