மேய்ப்பரின் மடல்: கட்டுகள் அறுந்த பின்பு



மாற்கு 5ஆம் அதிகாரத்தில் கல்லறைகளில் குடியிருந்த மனிதனைக் குறித்து எத்தனையோ பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறோம். சங்கிலிகளும் பன்றிக்கூட்டமும் நமக்கு மனப்பாடம். ஆனால் குணமடைந்தவனை ஆண்டவர் படவில் ஏற்றிக்கொள்ளாமல், அவன் இனத்தாரிடத்திற்கே அனுப்பிவிட்டார் என்பதை நாம் அதிகம் தியானிப்பதில்லை. (மனநோய் யாவும் பிசாசின் கிரியை என்று நான் சொல்லவரவில்லை.)

நம் தேசத்தின் கொள்கையும் நோயாளியை வீட்டண்டைக்கே அனுப்புவதாகும். பெரிய மருத்துவமனைகளில் ஆண்டுக்கணக்காய் அடைத்துவைப்பதற்குப் பதிலாக, அவரவர் ஊரிலேயே சிகிச்சை அளிக்கும் நோக்கத்தோடு 1982இல் தேசிய மனநலத் திட்டம் தொடங்கியது. பெல்லாரி மாவட்டத்தில் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் நடத்திக்காட்டிய முறையே 1996இல் மாவட்ட மனநலத் திட்டத்திற்கு மாதிரியாயிற்று. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடிக் காப்பகமொன்றில் சங்கிலியில் கட்டுண்டு கிடந்தவர்கள் ஓடித் தப்ப வழியின்றித் தீயில் மாண்டார்கள். அவர்களைக் காவல்செய்தவர்களைக் குறைகூற நமக்குத் தகுதியில்லை. ஜெபவீடு ஒன்றிலேயே சங்கிலியை நான் கண்டிருக்கிறேன்.

2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. வீட்டார் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையில் வைத்திருக்கலாகாது என்கிறது அதன் 19ஆம் பிரிவு. அத்தகையோருக்கு இடைத்தங்கல் இல்லங்களை அரசு ஏற்படுத்தவேண்டும். ஆனால் அவை தேவைக்கு மிகவும் குறைவே. ஆகவே பாரம் முழுவதும் குடும்பத்தின் தோளில் விழுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், உங்களைப்போலவே பிழைப்புக்காக இந்நகருக்கு வந்த ஒரு சகோதரர் என்னிடம் வந்தார். தம்பியை மருத்துவமனையிலிருந்து விடுவிக்கிறார்கள்; ஒற்றை அறையில் மனைவி, இரண்டு பிள்ளைகள்; பகலில் இருவருக்கும் வேலை. நான் ஊக்கமாய் ஜெபித்து அனுப்பினேன். பகலில் தம்பியோடு யார் இருப்பார்கள் என்று கேட்கவில்லை. அடுத்த உபவாசக் கூட்டத்தில் ஒருவர், மாத்திரை உண்பது அவிசுவாசம் என்று அந்தத் தம்பியிடம் சொன்னபோது நான் அருகிலேயே நின்றேன். கடிந்துகொள்ளவில்லை. மூன்றே வாரத்தில் அவர் மறுபடியும் மருத்துவமனைக்குச் சென்றார். அந்த மௌனத்திற்காக ஆண்டவரிடமும் அக்குடும்பத்தாரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

இரண்டாம் முறை அவர் திரும்பியபோது சபையாய்க் கூடிப் பேசினோம். பகலில் அவர் தங்க மூன்று வீடுகள் முறைவைத்துக்கொண்டன. மருத்துவர் குறித்த தேதியில் ஒரு வாலிபர் உடன் சென்றார். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசமாய்க் கிடைத்தது. செலவு என்று பார்த்தால் பேருந்துக் கட்டணமே.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருப்பாரானால் மறைக்கவேண்டாம். 14416 என்ற இலவச எண்ணில், 2022இல் தொடங்கப்பட்ட டெலிமானஸ் சேவையில், எந்நேரமும் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம். உங்கள் போதகரிடமும் சொல்லுங்கள். அவர் ஜெபித்து முடித்ததும், பகலில் யார் உடனிருப்பது என்று நீங்களே கேட்டுவிடுங்கள்.

அந்தத் தம்பி இப்போது ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் நாற்காலிகளை அடுக்குகிறார். மதிய மாத்திரையை ஒரு சகோதரி இன்றும் நினைப்பூட்டவேண்டியிருக்கிறது.