'நார்மல்' என்றால் நோயே இல்லையா?

மும்பையில் தைராய்டு பரிசோதனை இப்போது அரிதான சங்கதி அல்ல. தாராவி, சயான், செம்பூர், முலுண்டு என்று தமிழர்கள் வாழும் பகுதிகளில் எல்லாம் ரத்தப் பரிசோதனை நிலையங்கள் வந்துவிட்டன. காலையில் ரத்தம் கொடுத்தால் பெரும்பாலும் மாலையில் ரிப்போர்ட் கைக்கு வந்துவிடுகிறது. டாக்டர் அதை ஒரு பார்வை பார்க்கிறார். "நார்மல்" என்கிறார். சத்து மாத்திரை எழுதிக் கொடுக்கிறார். அத்துடன் விஷயம் முடிந்தது.

நோயாளிக்கு மட்டும் அது முடிவதில்லை. அசதி தீரவில்லை. தலைமுடி கொத்துக் கொத்தாக வருகிறது. காலையில் எழுந்தால் முகம் ஊதியிருக்கிறது. மலச்சிக்கல் போகவில்லை. வீட்டில் எல்லோரும் மின்விசிறியைக் கூட்டி வைக்கச் சொல்லும்போது அந்தப் பெண்ணுக்கு மட்டும் போர்வை தேவைப்படுகிறது. ஆறு மாதம் கழித்தும் இதே நிலைதான். "ரிப்போர்ட்டில்தான் ஒன்றும் இல்லையே, எல்லாம் உன் நினைப்பு" என்று வீட்டார் சொல்லிவிடுகிறார்கள்.

இது சரியல்ல. ஸ்டேஷன் இண்டிகேட்டரில் 'ரைட் டைம்' என்று போட்டிருக்கும், வண்டி வந்து சேராது. அப்போது யாரும் வண்டி வந்துவிட்டது என்று நினைத்து ஏறப்போவதில்லை. விசாரணை ஜன்னலுக்குத்தான் போகிறார்கள். ரத்தப் பரிசோதனைத் தாளுக்கு மட்டும் ஏன் அந்த விசாரணை இல்லை?

அந்தத் தாள் எதைச் சொல்கிறது?

தைராய்டு என்பது கழுத்தின் முன்பக்கம், வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் சுரப்பி. டி-4, டி-3 என்ற இரண்டு சுரப்பு நீர்களை அது ரத்தத்தில் விடுகிறது. உடம்பின் சூடு, இதயத் துடிப்பு, குடலின் வேகம் எல்லாவற்றிலும் இவற்றின் கை உண்டு. தைராய்டை வேலை வாங்கும் மேஸ்திரி மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி. அது அனுப்பும் ஆணைதான் டி.எஸ்.எச். தைராய்டு சோர்ந்தால் மேஸ்திரியின் சத்தம் கூடும்; டி.எஸ்.எச். ஏறும்.

முதல் பரிசோதனையில் பல இடங்களில் இந்த டி.எஸ்.எச். ஒன்றைத்தான் பார்க்கிறார்கள். பெரும்பாலோருக்கு அது போதும். தைராய்டு நோயைக் கண்டுபிடிப்பதில் அதைவிடக் கூர்மையான முதல் சோதனை வேறு இல்லை. ஆனால் மேஸ்திரியே நோயில் விழுந்தால்? அப்போது டி.எஸ்.எச். ஏறாது. வரம்புக்குள்ளேயே நிற்கும், உடம்பில் டி-4 குறைந்து கிடக்கும். பிரசவத்தில் கடுமையாக ரத்தம் போன பெண்களில் சிலருக்குப் பிட்யூட்டரி கெட்டுப்போவதை 1937-ல் ஷீஹன் என்ற ஆங்கிலேய டாக்டர் விளக்கினார். குழந்தைக்குப் பால் சுரக்காது. மாதவிலக்கு திரும்பாது. சோர்வு ஆண்டுக்கணக்கில் நீளும். இது அடிக்கடி வரும் நோய் அல்ல. ஆனால் இப்படிப்பட்ட பெண்ணுக்கு டி.எஸ்.எச். மட்டும் பார்த்து "நார்மல்" என்று அனுப்பினால் அது ஆபத்து. 'பிரீ டி-4' என்ற சோதனையையும் சேர்த்துப் பார்த்தால்தான் குட்டு உடையும்.

வரம்பு என்பதும் கல்லில் வெட்டிய கோடு அல்ல. ஆரோக்கியமானவர்கள் பலரைச் சோதித்து, அவர்களில் நடுவில் வரும் 95 சதவீதம் பேரின் அளவை வரம்பாக வைக்கிறார்கள். பல இடங்களில் அது ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை இருக்கும். நிலையத்துக்கு நிலையம் சற்று மாறும். ஒருவருக்கு முன்பு 1 இருந்து இப்போது 3.8 ஆகியிருந்தால் தாளில் இரண்டுமே நார்மல்தான். பழைய தாள் கையில் இருந்தால்தான் ஏற்றம் தெரியும். அதற்காக ஒரே ஏற்றத்தை வைத்து நோய் என்று முடிவு கட்டவும் முடியாது. டி.எஸ்.எச். இரவிலும் விடியற்காலையிலும் கூடுதலாகவும் பகலில் குறைவாகவும் இருக்கும். காய்ச்சலில் படுத்து எழுந்தவர்களுக்கும் மாறும். ஆகவே சில வாரம் கழித்து, அதே நிலையத்தில், அதே நேரத்தில் மறுபடி பார்ப்பது நல்லது.

இன்னொரு வேடிக்கை உண்டு. முடி கொட்டுகிறதே என்று பலர் கடையில் பயோட்டின் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அந்த பயோட்டினே சில கருவிகளில் தைராய்டு அளவைப் பொய்யாகக் காட்டிவிடும். ஏறியிருக்க வேண்டிய டி.எஸ்.எச். இறங்கித் தெரியும். ரத்தம் கொடுக்குமுன் குறைந்தது இரண்டு நாளாவது அதை நிறுத்த வேண்டும். சாப்பிடுவதை டாக்டரிடம் சொல்லவும் வேண்டும்.

1912-ல் ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய டாக்டர் எழுதிய நோய் ஒன்றும் இருக்கிறது. உடம்பின் காவல் படையே தைராய்டைத் தாக்கும் நோய் அது. 'ஆன்டி டி.பி.ஓ.' என்ற சோதனையில் அதன் அடையாளம் தெரியும். அடையாளம் தெரிந்தும் டி.எஸ்.எச். ஆண்டுக்கணக்கில் சரியாக இருக்கலாம். அதற்கு உடனே மாத்திரை வேண்டும் என்பதில்லை. ஆனால் அவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது டி.எஸ்.எச். பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குடும்பத்தில் தைராய்டு உள்ளவர்களும் கழுத்து வீங்கியவர்களும் இந்தச் சோதனை பற்றி டாக்டரிடம் கேட்பதில் தவறே இல்லை.

"கம்ஜோரி ஹை"

வெளி மாநிலத்தில் வாழும் தமிழர்களுக்கு இதில் ஒரு தனித் தொல்லை. இந்தி, மராத்தி சரளமாக வராத தாய்மார்கள் கணவனையோ மகனையோ அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போகிறார்கள். அம்மா பத்துக் குறைகளைச் சொல்கிறாள். மகன் அதை "கம்ஜோரி ஹை" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுகிறான். மாதவிலக்குச் சங்கதியைச் சொல்ல அவனுக்கு வெட்கம். வெளியே நாற்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். டாக்டர் டானிக் எழுதுகிறார். அவரை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. அவர் காதில் விழுந்தது அவ்வளவுதான்.

விடியுமுன் எழுந்து மாவு அரைத்து, இட்லி அவித்து விற்க அனுப்பும் பெண்ணிடம் "அசதியாக இருக்கிறது" என்ற பேச்சு எடுபடுவதும் இல்லை. வேலை அதிகம், அதனால் அசதி என்று அவளே முடிவு செய்துவிடுகிறாள். டாக்டரும் அப்படியே நினைக்கிறார். ஆனால் அதே வேலையைப் போன வருஷம் அசதி இல்லாமல் செய்தவள்தானே அவள்?

அதனால் போகுமுன் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போக வேண்டும். என்ன குறை, எந்த மாதத்திலிருந்து, எடை எவ்வளவு கூடியது, என்னென்ன மாத்திரை, பிரசவத்தில் என்ன நடந்தது, குடும்பத்தில் யாருக்குத் தைராய்டு. பள்ளியில் படிக்கும் பிள்ளை இந்தியில் எழுதிக் கொடுக்கும். டாக்டர்களும் ஒன்று செய்யலாம். "நார்மல்" என்று சொல்வதோடு, "குறை தொடர்ந்தால் ஆறு வாரத்தில் வரவும்" என்று சீட்டில் ஒரு வரி எழுதலாம். அந்த ஒரு வரி இருந்தால் அரை நாள் சம்பளம் போனாலும் தொழிலாளி திரும்ப வருவான்.

எல்லாம் தைராய்டும் அல்ல

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ரத்த சோகை, பி-12 குறைவு, சர்க்கரை நோய், தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய், மனச்சோர்வு ஆகிய எல்லாவற்றுக்கும் அசதி பொது. தைராய்டு திரும்பவும் சரியாக இருந்தால் இவற்றைத் தேடுவதுதான் அடுத்த வேலை. ஹீமோகுளோபின் சோதனைக்குப் பெரிய செலவு இல்லை. அதைச் செய்யாமலே தைராய்டை நாலு முறை பார்த்தவர்கள் உண்டு.

பக்கத்து வீட்டு அக்காவுக்குக் குணமான மாத்திரையை வாங்கித் தானும் விழுங்குவது விஷப் பரீட்சை. தேவையில்லாத தைராய்டு மாத்திரை இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும். எலும்பைத் தேய்க்கும். ஆயிரக்கணக்கில் ரூபாய் வாங்கும் 'பேக்கேஜ்' சோதனைகளிலும் ஏமாறக் கூடாது. அவற்றில் வரும் 'ரிவர்ஸ் டி-3' சாதாரண நோயாளிக்குத் தேவை இல்லாதது.

சயான் ஆஸ்பத்திரி தாராவிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பரேலில் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் சுரப்பி நோய்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. அதே பரேலில், 1963-ல் அணுசக்தித் துறை தொடங்கிய கதிரியக்க மருத்துவ மையம் தைராய்டு வைத்தியத்துக்குப் பெயர் பெற்றது. இ.எஸ்.ஐ. கார்டு உள்ள தொழிலாளியின் மனைவி மக்களுக்கும் அதில் வைத்தியம் உண்டு. உள்ளூர் டாக்டரிடம் சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம்.

ஏற்கனவே மாத்திரை சாப்பிட்டும் குறை தீராதவர்கள் முதலில் சாப்பிடும் முறையைப் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில், காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு சாப்பிட வேண்டும். சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டும். அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்துத்தான் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும்.

கோடை லீவுக்கு நெல்லைக்கும் நாகர்கோவிலுக்கும் போகிறவர்கள் அங்கே மாத்திரையை மறந்துவிடுகிறார்கள். திரும்பி வந்து ஒரு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுக்கிறார்கள். டி-4 சரியாக இருக்கும், டி.எஸ்.எச். ஏறியிருக்கும், விட்ட நாட்களைச் சொல்லாவிட்டால் டாக்டர் அளவைக் கூட்டிவிடுவார். ஊருக்குக் கிளம்பும்போது துணிமணிகளோடு பழைய ரிப்போர்ட்டுகளையும் போகும் நாட்களுக்குரிய மாத்திரையையும் எடுத்து வைக்க வேண்டும். ரயிலில் அதை வெயில் படும் ஜன்னல் ஓரம் வைக்காமல் பைக்குள் வைத்துக்கொள்ளவும். சூடும் ஈரமும் பட்டால் அந்த மாத்திரையின் வீரியம் குறைந்துவிடும்.