காலம் கடந்தால் குற்றம் கரையுமா?

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பது நாட்டுப் பழமொழி. ஏறினாலும், ஏறி முடிப்பதற்குள் ஆண்டுகள் பல உருண்டோடிவிடும் என்பதை நீதிமன்ற ஏடுகள் எடுத்துக் காட்டுகின்றன. அதுமட்டுமா? ஓடிப்போன அந்த ஆண்டுகளையே காரணமாகக் காட்டி, "தண்டனையைக் குறையுங்கள்" என்று கேட்பதும் வழக்கமாகிவிட்டது. கார் மோதி உயிர் மாய்ந்த வழக்குகளிலே இதனைத் தெளிவாகக் காணலாம், தோழர்களே!

1999-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 10-ஆம் நாள். டில்லியிலே குளிர் மிகுந்த விடியற்காலை. செல்வமும் செல்வாக்கும் மிக்க குடும்பத்து இளைஞர் ஓட்டிவந்த பி.எம்.டபிள்யூ கார், லோதிக் குடியிருப்புப் பகுதியிலே ஆட்கள்மீது பாய்ந்தது. ஆறு உயிர்கள் மாய்ந்தன. அறுவரில் மூவர் போலீசார். கார் நின்றதா? இல்லை. சிந்திய எண்ணெயின் தடத்தைப் பற்றிக்கொண்டு சென்ற போலீசார், ஒரு வீட்டிலே அந்தக் கார் கழுவப்படுவதைக் கண்டனர்.

ஒன்பது ஆண்டுகள் விசாரணை நடந்தது. இடையிலே, 2007-இல், சாட்சி ஒருவரை வளைக்க நடந்த பேரத்தைத் தொலைக்காட்சி படம்பிடித்துக் காட்டிற்று. எதிரித் தரப்பு வழக்கறிஞர் நீதிமன்ற அவமதிப்புக் குற்றம் புரிந்தவர் என்று டில்லி உயர்நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. அதனை உச்ச நீதிமன்றமும் 2009-இல் உறுதி செய்தது.

இனித் தண்டனையின் கதையைக் கேளுங்கள். 2008-இல் விசாரணை நீதிமன்றம் விதித்தது ஐந்தாண்டு. 2009-இல் உயர்நீதிமன்றம், இது வெறும் கவனக்குறைவால் நேர்ந்த மரணம் என்று கூறி, இரண்டாண்டாகக் குறைத்தது. 2012 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்து நீதிபதிகள் தீபக் வர்மா, கே.எஸ்.ராதாகிருஷ்ணன் இருவரும், "அப்படியல்ல; உயிர் போகும் என அறிந்தே செய்த குற்றம் இது" என்று முடிவு செய்தனர். குற்றத்தின் பெயர் மீண்டும் உயர்ந்தது. தண்டனை உயர்ந்ததா? உயரவில்லை. அனுபவித்த சிறையே போதும் என்றாயிற்று. 50 இலட்ச ரூபாய் கட்டவேண்டும், இரண்டாண்டு சமூகப்பணி செய்யவேண்டும், அவ்வளவே.

அதே 2012-ஆம் ஆண்டு ஜனவரியில் அதே உச்ச நீதிமன்றம் மற்றொரு வழக்கை முடித்தது. 2006 நவம்பரில் மும்பையிலே, கார்ட்டர் சாலை நடைபாதையிலே உறங்கிய கூலித் தொழிலாளர் எழுவர்மீது கார் ஏறிக் கொன்ற வழக்கு. விசாரணை நீதிமன்றம் கொடுத்தது ஆறு மாதம். பம்பாய் உயர்நீதிமன்றம் அதனை மூன்றாண்டாக உயர்த்திற்று. உச்ச நீதிமன்றம் அதனை நிலைநிறுத்திற்று. ஒரே சட்டம், ஒரே மன்றம், ஒரே ஆண்டு. ஓரிடத்திலே தண்டனை ஏறுகிறது, ஓரிடத்திலே இறங்குகிறது. வேறுபாட்டுக்குச் சட்ட வல்லுநர் ஆயிரம் நுணுக்கம் கூறுவர். தெருவிலே நடந்து செல்பவனுக்கு அந்த நுணுக்கம் விளங்குமா?

பஞ்சாபிலே 2007-இல் இருவர் மாண்டனர். காரோட்டிக்கு ஓராண்டுச் சிறை. இழப்பீடு 85,000 ரூபாய் கொடுத்தாயிற்று என்பதைக் கணக்கில் கொண்டு, உயர்நீதிமன்றம் அதனை அவர் உள்ளே இருந்த 24 நாட்களாகக் குறைத்தது. 2015-இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்காமல் ஆறு மாதமாக்கிற்று. இழப்பீடு வேறு, தண்டனை வேறு என்பதை உணர்த்திய நல்ல தீர்ப்பு அது. விதவையின் அடுப்பெரியப் பணம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணம் சிறைக்கதவின் திறவுகோலாகிவிட்டால், பணமுள்ளவனுக்குச் சட்டம் ஒரு கடைச்சரக்கு ஆகிவிடாதா?

"இரக்கமே கூடாதா?" என்று கேட்பீர்கள். கூடும். நாள் முழுதும் லாரி ஓட்டி, கண் சொருகி, இடறிவிட்ட கூலி ஓட்டுநனையும் நாம் அறிவோம். வாய்தாவுக்கு வாய்தா கோர்ட்டுப் படியேறி, வேலையிழந்து, பத்தாண்டு வாடியவனுக்கு அந்தத் தாமதமே ஒரு தண்டனை. அவனுக்குக் குறைத்தால் யாரும் குறை கூறமாட்டார்கள். ஆனால், தாமதத்தால் வாடியவன் வேறு. தாமதத்தை விலைக்கு வாங்கியவன் வேறு. இருவரையும் ஒரே தராசிலே நிறுத்தலாமா?

ஆகவே நாம் கேட்பது மூன்று. வழக்கை இழுத்தவர் யார் என்று பாராமல், காலம் கடந்தது என்பதற்காகத் தண்டனையைக் குறைக்கக் கூடாது. குறைக்குமுன் மாண்டவரின் குடும்பத்தைக் கேட்கவேண்டும். உயிர் போன வழக்கை முடிக்கக் காலக்கெடு வேண்டும்.

சட்டம் திருந்தவில்லையா? திருந்தியிருக்கிறது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் இரண்டாண்டு வரை சிறை என்பது 1870-இல் சேர்க்கப்பட்ட பிரிவு. 2024 ஜூலை முதல் நாள் நடப்புக்கு வந்த புதிய சட்டம் அதனை ஐந்தாண்டு வரை என்றாக்கிற்று. ஆனால் ஏட்டிலே ஆண்டைக் கூட்டினால் போதுமா? 2022-ஆம் ஆண்டு ஒன்றிலே மட்டும் இந்தியச் சாலைகளிலே மாண்டவர் 1,68,491 பேர். வழக்கு பத்தாண்டு நடந்து, இறுதியிலே இருந்த நாட்களே போதும் என்று முடியுமானால், இரண்டென்ன, ஐந்தென்ன?

தோழர்களே! உங்களுக்கும் இதிலே பங்குண்டு. ஊரிலே விபத்து நேர்ந்ததும், "பேசி முடித்துவிடலாம்" என்று நம்மவரையே மத்தியஸ்தத்துக்கு அழைப்பார்கள். செல்லாதீர்கள்! இழப்பீட்டுக்கு மோட்டார் விபத்து நியாயமன்றம் இருக்கிறது. அங்கே மனுப்போட அந்தக் குடும்பத்துக்குத் துணை நில்லுங்கள். கண்ணால் கண்ட சாட்சி கடைசிவரை கலையாமல் இருக்க அவர்க்குத் துணிவூட்டுங்கள். வாய்தா நாளிலே அந்தத் தாய் தனியே நிற்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

தேர்க்காலிலே கன்றை இழந்த பசு மணியடித்த கதையைத் தமிழர் பிள்ளைப் பருவத்திலேயே கேட்டவர்கள். மகனையே தேர்க்காலிலிட்ட கடுமையைப் பற்றியே புலவர் பேசுவர். அந்தக் கடுமையை நாம் கேட்கவில்லை. மணி ஒலித்ததும் மன்னன் எழுந்து வந்தான் அல்லவா? அதைத்தான் கேட்கிறோம். 1999-இல் டில்லியிலே அடித்த மணிக்கு 2012 வரை காத்திருக்க நேர்ந்தது. இனி அடிக்கும் மணிக்கேனும் காலத்தில் விடை கிடைக்கட்டும்!