எலியும் குரங்கும் கற்பிக்கும் பாடம்

பெங்களூரில் அல்சூர் ஏரியை அடுத்த வீதிகளில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அங்கிருந்து மகப்பேறு வேண்டிச் சிகிச்சைக்குச் செல்லும் பெண் ஒருத்திக்கு ஊசி மருந்தால் தீங்கு நேரிடுமாயின், அதன் காரணத்தை எங்கே ஆராய்வது? அவள் உடலிலா, பிராணியின் உடலிலா? இவ்வினாவுக்கு உணர்ச்சியொன்றையே கொண்டு விடை காண்பது தகாது.

மாதத்திற்கு ஒரு முட்டை முதிர்வதே பெண்ணுக்குப் பெரும்பாலும் இயல்பு. சிகிச்சையிலோ ஹார்மோன்களைச் செலுத்திப் பல முட்டைகளை ஒருங்கே முதிரச் செய்கின்றனர். 1978ஆம் ஆண்டில் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் கையாண்ட முறையும் இதுவே. ஆனால் சிலருக்குச் சினைப்பைகள் அளவு மீறி வீங்குகின்றன. இரத்தக் குழாய்கள் கசிந்து வயிற்றில் நீர் சேர்கிறது. இரத்தம் கெட்டிப்பட்டு உறையவும் கூடும். அரிதாக உயிருக்கே ஆபத்து நேரிடுகிறது.

இளம் எலிகளுக்கு இத்தகைய ஹார்மோன்களைச் செலுத்தி இந்நிலையை உண்டாக்கலாம். இரத்தக் குழாய்களை வளரச் செய்யும் ஒரு புரதம் மிகுவதே கசிவுக்குக் காரணம் என்பதற்கு எலிகளிடம் வலுவான சான்று கிடைத்தது. காபர்கோலின் என்னும் மருந்து அக்கசிவைக் குறைப்பதாக ஸ்பெயின் நாட்டு ஆராய்ச்சியாளர் 2006ஆம் ஆண்டில் எலிகளிடம் கண்டனர். மறு ஆண்டிலேயே பெண்களிடம் செய்த பரிசோதனையின் முடிவும் வெளிவந்தது. இம்மருந்து இன்று சிகிச்சையில் வழங்கி வருகிறது.

எனினும் எலியின் சாட்சியத்திற்கு எல்லை உண்டு. அதன் சினைச் சுழற்சி நான்கைந்து நாட்களே. பல முட்டைகள் ஒருங்கே முதிர்வது அதற்கு இயல்பு. நாட்டுக் குரங்கின் சுழற்சியோ ஏறத்தாழ 28 நாட்கள். இக்காரணத்தாலேயே பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் என். ஆர். மௌட்கல் இனப்பெருக்க ஹார்மோன்களை அக்குரங்குகளிடம் ஆராய்ந்தார்.

சிறு பிராணிகளால் அதே பயன் கிட்டுமிடத்துப் பெரிய பிராணிகளைத் தவிர்க்க வேண்டுமென 1960ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டம் விதிக்கிறது. இவ்வரிசை நியாயமானதே. நோயின் இயக்கத்தை எலியிடம் அறிக. எலியால் தீராத ஐயத்திற்கு மட்டுமே குரங்கை நாடுக.

ஆயினும் எந்தப் பெண்ணுக்கு எவ்வளவு மருந்து மிகையாகும் என்பதை இவ்விரண்டும் உரைக்கமாட்டா. அதைப் பெண்களின் சிகிச்சைக் குறிப்புகளே உரைக்கும். 2021ஆம் ஆண்டின் சட்டம் தேசியப் பதிவேடு ஒன்றுக்கு வழி செய்துள்ளது. வெற்றிகளோடு விளைந்த தீங்குகளும் அதில் ஒளிவின்றிப் பதிவாதல் வேண்டும். பெண்ணின் துன்பத்தை ஏட்டில் எழுதாமல் விட்டுவிட்டு, பிராணியின் துன்பத்தால் அறிவு தேட முற்படுவது இருவருக்கும் இழைக்கும் அநீதியாகும்.