விசுவாசம் யாருக்கு?

வருஷத்துக்கு ஒரு சட்டை மாற்றுகிற பந்தாட்டக்காரனுக்கு விசுவாசம் ஏது என்று தேவாலாக் கடைத்தெருவில் ஒரு பெரியவர் தீர்ப்புச் சொன்னார். சொல்ல இந்த ஊருக்கு உரிமை உண்டு. நாடுகாணி மலைப்பாதையில் இறங்கினால் நிலம்பூர். மலப்புறத்துச் 'செவன்ஸ்' ஆட்டங்களின் ஜுரம் மலையேறி இங்கேயும் தொற்றிவிடுகிறது. ஆனாலும் அந்தத் தீர்ப்பை நான் ஏற்பதற்கில்லை.

ஒரு கணக்கப்பிள்ளை மூன்று கம்பெனி மாறினால் பையன் கெட்டிக்காரன் என்று பெண் கொடுக்கிறோம். ஒரு நடுக்கள ஆட்டக்காரன் மூன்று கழகம் மாறினால் மட்டும் துரோகியா? இவனுக்கு முப்பத்தைந்து வயதில் ஜீவனம் முடிந்துவிடும், ஐயா! முழங்கால் ஒருநாள் மடங்கினால் அதற்கு முன்பே முடிந்துவிடும்.

குலோத்துங்கனை எடுத்துக்கொள்வோம். சோழனைச் சொல்லவில்லை; அவனை நமக்குத் தெரியும். நான் சொல்வது தஞ்சாவூர்க்காரரான நடுக்கள ஆட்டக்காரரை. 2003-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியான் கழகப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் தாய்லாந்தின் பெக் டெரோ சாசனாவை ஈஸ்ட் பெங்கால் 3–1 என்று வென்றதே, அந்த அணியில் இருந்தவர். கல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், முகமதன் ஸ்போர்ட்டிங் என்ற மூன்று பெரிய கழகங்களுக்கும் ஆடினார். மும்பை எஃப்.சி.க்கு ஆடினார், விவா கேரளாவுக்கும் ஆடினார். கோல் போட்டவன் பெயர் பத்திரிகையில் வரும். பந்தைப் பறித்துச் சுமந்துபோய் அவன் காலடியில் வைத்தவன் பெயர் யாருக்கு வேண்டும்?

இவர் கழகங்களை விட்டுப் போனார் என்கிறீர்கள். கழகங்கள் என்ன செய்தன? விவா கேரளா 2011-இல் சிராக் யுனைடெட் என்று பெயர் மாறி, அடுத்த ஆண்டே கலைந்தது. மும்பை எஃப்.சி. 2017-இல் ஐ-லீக்கிலிருந்து கீழே தள்ளப்பட்டதும் கடையைக் கட்டியது. மகீந்திரா யுனைடெட் 2010-இலும், பஞ்சாபின் ஜே.சி.டி. 2011-இலும் மூடப்பட்டன. முதலாளி ஒரு நாள் கணக்குப் பார்த்தார், லாபமில்லை, விளக்கை அணைத்தார். அதற்குப் பெயர் நிர்வாக முடிவு. ஆட்டக்காரன் மூட்டை கட்டினால் அதற்குப் பெயர் விசுவாசக் கேடு!

இந்த நியாயம் தேயிலைச் சீமைக்குப் புதிதல்ல. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறிய பலர் இந்தக் கூடலூர், பந்தலூர்ப் பக்கம்தான் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் பாட்டன்மார் காலத்தில் அங்கே 'துண்டு' என்று ஒரு காகிதம் இருந்தது. கங்காணியிடம் பட்ட கடன் அதில் எழுதியிருக்கும். அதைக் கட்டினாலொழிய வேறு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. 1921-இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். துரைமார் அந்தக் காகிதத்தையும் ஒழுங்கு என்றே சொல்லியிருப்பார்கள்.

ஐரோப்பாவின் பந்தாட்டத்தில் அந்தத் துண்டு 1995 வரை உயிரோடிருந்தது! ஜான் மார்க் பாஸ்மன் என்ற பெல்ஜியத்து நடுக்கள ஆட்டக்காரருக்கு 1990-இல் ஒப்பந்தம் முடிந்தது. முடிந்த பிறகும், பிரான்சின் டன்கர்க் கழகத்துக்குப் போக வேண்டுமானால் பணம் வை என்று லியேஜ் கழகம் பிடித்துக்கொண்டது, சம்பளத்தையும் வெட்டியது. ஐந்து வருஷம் வழக்கு நடத்தி ஐரோப்பிய நீதிமன்றத்தில் வென்றார். ஒப்பந்தம் முடிந்தவன் சுதந்திர மனிதன் என்று 1995 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அதற்குள் பாஸ்மனின் ஆட்டக்காலம் கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டது. அனுபவித்தவர்கள் பின்னால் வந்த கோடீசுவரர்கள்.

நம் பையன்கள் விலங்கு கழன்ற காலத்தில்தான் ஆடுகிறார்கள். ஆனால் நிற்க இடம் எங்கே? சென்னை சிட்டி 2018–19-இல் ஐ-லீக் பட்டத்தையே வென்றது. 2020–21-க்குப் பிறகு அந்தப் பட்டியலில் அதன் பெயரைக் காணோம். அங்கே ஆடிய கன்னியாகுமரிக் கடற்கரைப் பையன் மைக்கேல் சூசைராஜ் அதற்கு முன்பே ஜாம்ஷெட்பூர் போய், பிறகு கல்கத்தாவின் ஏ.டி.கே.க்குப் போய்விட்டார். போகாமல் எந்த வீட்டில் உட்கார்ந்து விசுவாசம் காட்டியிருக்க வேண்டும்?

குலோத்துங்கன் கடைசியில் தஞ்சாவூருக்கே திரும்பினார். 2018 ஆகஸ்டில் அங்கே ஒரு மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். அவர் சட்டை மாற்றியதைக் கணக்கிட்டவர்கள், அந்தச் சட்டைகளைக் கொடுத்த கழகங்களில் இன்று எத்தனை மிச்சம் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.