சிரித்து முடித்த பிறகு அடுத்த ஆட்டம் எப்போது?

சதுரங்கம் ரொம்ப அமைதியான விளையாட்டு என்று சொல்பவர்கள், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் போட்டி ஒன்றைக்கூட நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். பெரிய போட்டிகளில் இருவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். பள்ளி மண்டபத்தில் நடப்பது வேறு. ஒரு நாள் முழுக்க அங்கே இருந்தால், நல்ல நகைச்சுவைப் படம் பார்த்த நிறைவோடு வீடு திரும்பலாம்.

லூனாஸ், கூலிம், பாடாங் செராய் பக்கத்துப் பள்ளிப் போட்டிகளில் மேசை அடுக்கவும் முடிவுகளை எழுதவும் சில முறை உதவிக்குப் போயிருக்கிறேன். எனக்குப் பிடித்த ஆட்டங்கள் கடைசி மேசைகளில்தான் நடக்கும். ஒருமுறை எல்லாரும் ஆடி முடித்து நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்கள். ஒரு மேசையில் மட்டும் இரண்டு சிறுவர்கள் தீவிரமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால், பலகையில் இரண்டு ராஜாக்களைத் தவிர வேறு காயே இல்லை. ஒரு ராஜா இன்னொரு ராஜாவைத் துரத்திக்கொண்டிருந்தார். “எவ்வளவு நேரமாத் துரத்துறீங்க?” என்று கேட்டேன். “ரொம்ப நேரமா, அக்கா. மாட்டவே மாட்டேங்கிறான்” என்றான் ஒருவன். இரண்டு ராஜாக்கள் மட்டும் மிஞ்சினால் ஆட்டம் அப்போதே சமன் என்பது அவனுக்குத் தெரியாது.

இன்னொரு நாள் ஒரு சிறுமி எதிராளியின் ராஜாவை வெட்டி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “ஜெயிச்சிட்டேன் டீச்சர்!” என்று ஓடி வந்தாள். ராஜாவை வெட்ட விதியில் இடமில்லை. நடுவர் காய்களைப் பழைய இடத்தில் வைத்து, ‘செக்’கில் நின்ற ராஜாவைக் காப்பாற்றும்படி எதிராளியிடம் சொல்லி ஆட்டத்தைத் தொடர வைத்தார். பையிலிருந்த ராஜாவைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சொந்த நகையை அடகுக் கடையில் வைப்பதுபோல் இருந்தது.

மொழி செய்யும் வேடிக்கை தனி. நமக்கு மூலையில் நிற்கும் காய் யானை. மலாய் நண்பர்கள் ‘காஜா’, அதாவது யானை, என்று சொல்வது நம்முடைய மந்திரியை. அவர்களில் பலர் ‘மெந்திரி’ என்று சொல்வது நம்முடைய ராணியை. ஆட்டம் முடிந்து, “உன் யானையை ஏன் கொடுத்தாய்?” என்று தொடங்கிய ஒரு பேச்சு பத்து நிமிடம் நீண்டும் முடியவில்லை. கடைசியில் இருவரும் காய்களைக் கையில் தூக்கிக் காட்டித்தான் பேசினார்கள்.

இவையெல்லாம் சின்னப் பிள்ளைகளின் கதைதானே என்று நினைக்க வேண்டாம். உலக வெற்றியாளர்களும் தப்பவில்லை.

2003 அக்டோபரில் பல்கேரியாவின் புலோவ்டிவ் நகரில் ஐரோப்பிய அணிகளுக்கான போட்டி நடந்தது. முதல் சுற்றிலேயே, அப்போது ஃபீடே உலக வெற்றியாளராக இருந்த உக்ரைனின் ருஸ்லான் பொனமாரியோவின் கைப்பேசி ஒலித்தது. பலகையில் நிலைமை எப்படி இருந்தாலும் கேள்வி இல்லை. ஆட்டம் அவர் கையை விட்டுப் போனது.

1994-இல் ஸ்பெயினின் லினாரெஸ் போட்டியில் 17 வயது ஜூடித் போல்காருக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் கேரி கஸ்பரோவ். அவர் குதிரையை ஒரு கட்டத்தில் வைத்தார். ஏதோ உறுத்தியது. மறுபடி தூக்கி வேறு கட்டத்தில் வைத்தார். காயை விட்ட பிறகு மாற்றக் கூடாது என்பது நம் ஊர் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கும் சொல்லித்தரும் விதி. அவர் விரல் ஒரு நொடியின் சிறு பகுதி காயை விட்டிருந்ததைப் பிறகு காணொளி காட்டியது. போல்கார் ஆட்டத்தின்போது முறையிடவில்லை. அந்த ஆட்டத்தில் தோற்றார்.

நம்மவர் கதையும் உண்டு. 2014 நவம்பரில் ரஷ்யாவின் சோச்சி நகரில் விஸ்வநாதன் ஆனந்துக்கும் மேக்னஸ் கார்ல்சனுக்கும் உலக வெற்றியாளர் போட்டி. ஆறாவது ஆட்டத்தில் கார்ல்சன் ராஜாவைத் தவறான கட்டத்துக்கு நகர்த்திவிட்டார். கணினி உதவியோடு பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது உடனே தெரிந்தது. தெரியாமல் இருந்தது ஆனந்துக்கு மட்டும்தான். அடுத்த சில நொடிகள் கார்ல்சன் பட்ட பாட்டைக் காணொளியில் பாருங்கள். ஆனந்த் கவனிக்காமல் சிப்பாயை நகர்த்தினார். வாய்ப்பு போனது, ஆட்டமும் போனது.

2024 டிசம்பரில் நியூயார்க்கில் நடந்த உலக விரைவு சதுரங்கப் போட்டிக்கு அதே கார்ல்சன் ஜீன்ஸ் அணிந்து வந்தார். உடை விதிக்கு எதிரானது என்று 200 டாலர் அபராதம் விதித்தார்கள். மாற்றிக்கொண்டு வரச் சொன்னார்கள். அவர் மறுத்தார். ஒன்பதாவது சுற்றில் அவருக்கு எதிராளியைப் போடவில்லை. அவர் போட்டியிலிருந்தே விலகினார். பள்ளிச் சீருடைக்காகக் கட்டொழுங்கு ஆசிரியரிடம் மாட்டிய அனுபவம் உள்ள நமக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை. பிறகு அந்த ஜீன்ஸ் ஏலத்தில் 36,000 டாலருக்கு மேல் போய், பணம் நற்பணிக்குச் சேர்ந்தது.

2025 ஜூன் 1-ஆம் தேதி நார்வேயின் ஸ்தவாங்கரில், ஏறக்குறைய வென்றுவிட்ட ஆட்டத்தைச் சென்னையின் குகேஷிடம் கார்ல்சன் கோட்டைவிட்டார். மேசையில் ஓங்கி ஒரு குத்து, காய்கள் துள்ளின. ஜெயித்த குகேஷோ நம்ப முடியாமல் எழுந்து அங்குமிங்கும் நடந்தார். அந்தக் காட்சியைப் பார்க்காத கைப்பேசி நம் வயதுக்காரர்களிடம் இருக்காது.

இந்தக் கதைகளைச் சொல்லிச் சிரிக்கலாம். ஆனால் இவற்றில் நாம் கவனிக்காமல் விடும் ஒரு விஷயம் இருக்கிறது. இவர்கள் எல்லாருக்கும் அடுத்த ஆட்டம் இருந்தது.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2002-இல் மாஸ்கோவில் நடந்த ஒரு விரைவு ஆட்டத்தில் போல்கார் கஸ்பரோவை வென்றார். ஆனந்த் 2017 டிசம்பரில், 48 வயதில், ரியாத்தில் உலக விரைவு சதுரங்கப் பட்டத்தை வென்றார்; அந்தப் போட்டியில் கார்ல்சனையும் தோற்கடித்தார். ஜீன்ஸுக்காக விலகிய கார்ல்சன், உடை விதி தளர்த்தப்பட்டதும், சில நாளில் மின்னல் வேகப் போட்டிக்கு ஜீன்ஸிலேயே திரும்பி வந்து பட்டத்தைப் பகிர்ந்துகொண்டார். குகேஷ்கூட ஸ்தவாங்கரில் முதல் சுற்றில் கார்ல்சனிடம் தோற்றவர்தான். ஆறாவது சுற்றில் வென்றார். 2022-இல் மாஸ்கோவில் சதுரங்கம் ஆடும் இயந்திரம் ஒன்று 7 வயதுச் சிறுவனின் விரலைப் பிடித்து முறித்துவிட்டது. அவனும் மறுநாளே கட்டுப் போட்ட கையோடு வந்து ஆடினான்.

தோல்வி எப்போது வேடிக்கைக் கதையாக மாறும்? அதற்குப் பிறகு ஆட இன்னோர் ஆட்டம் இருந்தால்தான். இல்லாவிட்டால் அது வெறும் அவமானமாகவே மனத்தில் தங்கிவிடும்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஒரு போட்டியில் நான் பார்த்த மாணவன், கைப்பேசியில் ஆடியே திறமையை வளர்த்துக்கொண்டவன். எதிராளியைவிட ஒரு யானை கூடுதலாக வைத்திருந்தான். ஆனால் காயை நகர்த்திய பிறகு கடிகாரத்தை அழுத்த மறந்துவிட்டான். கைப்பேசியில் அந்த வேலையே இல்லையே! எதிராளி ஆழ்ந்து யோசிக்கிறான் என்று நினைத்து, கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாகக் காத்திருந்தான். ஓடிக்கொண்டிருந்தது அவனுடைய நேரம். பார்ப்பவர்கள் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. சுற்றி நின்ற எங்களுக்குத் தொண்டை வரை வார்த்தை வந்து நின்றது. நேரம் முடிந்தது, தோற்றான். சிலர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

பெரும்பாலான போட்டிகள் சுவிஸ் முறையில் நடக்கின்றன. அதில் தோற்றவர் வெளியேற வேண்டியதில்லை; அடுத்த சுற்றில் தன்னைப்போல் புள்ளி பெற்றவரோடு ஆடலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த நாள் முடிந்த பிறகு? மாவட்டப் பள்ளிப் போட்டியில் முன்னிலை பெறும் சிலர் மாநிலத்துக்குப் போவார்கள். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் அடுத்த ஆண்டுதான். ஆறாம் ஆண்டு மாணவனாக இருந்தால், தமிழ்ப்பள்ளி வாழ்க்கையே அதற்குள் முடிந்துவிடும்.

வெளியில் திறந்த போட்டிகள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன. லூனாஸிலிருந்து பினாங்கு எல்லை பக்கம்தான். ஆனால் கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்கில் சனியும் ஞாயிறும். அங்கே சனி, ஞாயிறு என்று இரண்டு நாள் போட்டி வைத்தால், இரண்டாம் நாள் நம் பிள்ளைக்குப் பள்ளி. நுழைவுக் கட்டணம் ஒரு செலவு, பயணம் ஒரு செலவு. அப்பா கூலிம் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை, அம்மாவுக்கும் ஓவர்டைம் என்றால், யார் ஏற்றிக்கொண்டு போவது? பட்டண மன்றங்களில் பயிலும் பிள்ளை, கடிகாரத்தை மறக்கும் தவற்றைப் பத்து சிறு போட்டிகளில் செய்து, பத்து முறை சிரித்து, பிறகு மறக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டு வருகிறது. நம் பிள்ளை அதே தவற்றை ஆண்டுக்கு ஒரே ஒரு முறை கிடைக்கும் நாளில் செய்கிறது. தவறு ஒன்றுதான், கொடுக்கும் விலை வேறு.

“கைப்பேசியில் ஒரு நாளைக்கு ஐம்பது ஆட்டம் ஆடலாமே” என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். வசதியில்லாத பிள்ளைக்கும் உலகம் முழுக்க எதிராளிகளைக் கொடுத்தது இணையம். அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் கைப்பேசி தவறான நகர்வைச் செய்யவே விடாது. ராஜாவை வெட்ட விடாது. தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும் என்று கண்டிக்காது. ‘கேஸ்லிங்’ செய்யும்போது ராஜாவைத்தான் முதலில் தொட வேண்டும், காயை நகர்த்திய கையாலேயே கடிகாரத்தை அழுத்த வேண்டும் என்பதெல்லாம் அதற்குத் தேவையே இல்லை. தோற்றவுடன் எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துக் கை குலுக்கும் கட்டாயமும் அங்கே இல்லை. பொத்தானை அழுத்திவிட்டு மறைந்துவிடலாம். இவற்றை மண்டபத்தில் உட்கார்ந்துதான் கற்க முடியும். எதிரில் அழத் தொடங்கிய பையனைப் பார்த்து, ஜெயிக்கும் நிலையில் இருந்த ஒரு சிறுமி “சமன் வச்சுக்கலாமா?” என்று கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஆட்ட நுணுக்கப்படி அது மோசமான முடிவு. ஆனால் எதிரில் மனிதர் இருந்தால்தான் அப்படி ஒரு முடிவு எடுக்கத் தோன்றும்.

ஆகவே என் கோரிக்கை அரசாங்கத்திடம் அல்ல. உயர்கல்வி மாணவர்களே, இடைநிலைப்பள்ளியில் படிக்கும் தம்பி தங்கைகளே, உங்களிடம்தான். பருவ விடுமுறையில் ஊருக்கு வருகிறோம். மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமையோ சனிக்கிழமையோ, பாலாய் ராயாவையோ கோயில் மண்டபத்தையோ கேட்டு வாங்கலாம். சுருட்டி எடுத்துப் போகும் பலகைகள் பத்து போதும். கடிகாரம் இல்லாவிட்டால் கைப்பேசியையே கடிகாரமாக மாற்றும் இலவசச் செயலிகள் உண்டு. இப்படிப்பட்ட நட்புப் போட்டிக்கு அது தாராளம். ஆளுக்கு 15 நிமிடம், ஐந்து சுற்று என்றால் மதியத்துக்குள் முடிந்துவிடும். கோப்பை வேண்டாம், பதக்கம் வேண்டாம், பிரமுகர் உரையும் வேண்டாம். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் கை குலுக்குவது, தொட்ட காயை நகர்த்துவது, கடிகாரத்தை அழுத்துவது. இந்த மூன்றையும் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கற்கட்டும். காய்களின் பெயர்களைத் தமிழிலும் மலாயிலும் சொல்லிக்கொடுத்தால் யானைச் சண்டையும் தீரும்.

கோப்பை இல்லாத போட்டிக்கு யார் வருவார்கள் என்று கேட்பவர்கள், அந்த இரண்டு ராஜாக்களைத் துரத்திய சிறுவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் கடைசி இடத்துக்குத்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். எழுந்து போகச் சொன்னது நாங்கள்தான்.

ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் ஒரு வார்த்தை. தோற்றுவிட்டு வரும் பிள்ளையிடம் “ஏன் தோற்றாய்?” என்று கேட்கும் முன், “அடுத்த ஆட்டம் எப்போது?” என்று கேளுங்கள். அதற்குப் பதிலாகச் சொல்ல அந்தப் பிள்ளையிடம் ஒரு தேதி இருக்க வேண்டும். அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துக் கொடுப்பது நம் வேலை.