ஈப்போவில் வீடு வாங்கப் போறீங்களா? கையெழுத்துக்கு முன் யாரைக் கூப்பிடுவது?

புது பெயிண்ட், புது டைல்ஸ், பளபளக்கும் சமையலறை. ஈப்போவில் விற்பனைக்கு வரும் பழைய தரை வீடுகளில் முதலில் கண்ணில் படுவது இதுதான். ஏஜெண்டும் "இன்னும் ரெண்டு பேர் கேட்டிருக்காங்க" என்பார். அந்த பெயிண்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்பவர்தான் வீட்டுப் பரிசோதகர்.

வங்கி அனுப்பும் ஆள் போதாதா?

போதாது. வங்கிக்காக வரும் மதிப்பீட்டாளர், அந்த வீடு என்ன விலை பெறும் என்று கணக்கிடுகிறார். கூரை ஒழுகுகிறதா, கறையான் இருக்கிறதா என்று தேடுவது அவர் வேலையல்ல.

புது வீட்டுக்கும் பழைய வீட்டுக்கும் என்ன வித்தியாசம்?

மேம்பாட்டாளரிடம் வாங்கும் புது வீட்டுக்கு, 1966-ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ், வீடு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 24 மாதப் பாதுகாப்பு உண்டு. குறையை எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்தால், 30 நாளில் மேம்பாட்டாளர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால், வீடு வாங்குவோருக்கான நடுவர் மன்றத்துக்குப் போகலாம்.

சப்சேல், அதாவது ஏற்கனவே ஒருவர் வாங்கிய வீட்டை அவரிடமிருந்து வாங்கும்போது கதை வேறு. கையெழுத்துப் போட்ட பிறகு விரிசல் தெரிந்தால், செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்தான்.

ஈப்போவில் ஏன் கூடுதல் கவனம்?

கிந்தா பள்ளத்தாக்கின் அடியில் சுண்ணாம்புக் கல். தண்ணீர் அதை மெல்லக் கரைத்துப் பொந்துகளை உண்டாக்கும். அதன் மேல், பழைய ஈயச் சுரங்கங்கள் விட்டுப்போன மணலும் சேறும். இப்படிப்பட்ட நிலத்திலும் தாமான்கள் எழுந்துள்ளன. சேறு எல்லா இடத்திலும் ஒரே அளவில் அமுங்காது. வீட்டின் ஒரு பக்கம் மட்டும் இறங்கினால், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும். கதவு சரியாகச் சாத்தாது.

சுங்கை சிப்புட் போன்ற இடங்களில், பால்மரத் தோட்டமாக இருந்த நிலத்தில் பிரச்சினை வேறு. மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பிய மண் பின்னாளில் இறங்கலாம். புதைந்துபோன மரக்கட்டைகள் கறையானுக்குத் தீனி.

நல்ல பரிசோதகரை எப்படிக் கண்டுபிடிப்பது?

நம் நாட்டில் 'வீட்டுப் பரிசோதகர்' என்ற தொழிலுக்கென தனி லைசென்ஸ் கட்டாயமில்லை. அதனால் கேள்விகளை நீங்கதான் கேட்கணும்.

• என்ன படித்திருக்கிறார்? கட்டட ஆய்வு அல்லது சிவில் பொறியியல் பின்னணி நல்லது. பொறியியலாளர் என்றால், மலேசியப் பொறியியலாளர் வாரியத்தில் பெயர் இருக்கிறதா என்று பாருங்க.

• இந்தத் தாமான் முன்பு என்னவாக இருந்தது? சுரங்கமா, தோட்டமா என்று யோசிக்காதவர் சுவரை மட்டும்தான் பார்ப்பார்.

• பழைய அறிக்கை ஒன்றைக் காட்டுவாரா? படம், இடம், குறையின் தீவிரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். எதைப் பார்க்க முடியவில்லை என்பதும் இருக்க வேண்டும். தரைக்கடியில் பொந்து இருக்கிறதா என்று வெறும் கண்ணால் யாராலும் சொல்ல முடியாது. அதற்கு மண் பரிசோதனை வேண்டும்.

• ரிப்பேர் வேலையையும் அவரே எடுப்பாரா? ஏஜெண்டு அனுப்பிய ஆளா? அப்படியானால் இன்னொருவரைத் தேடுங்க.

இது ஏன் முக்கியம்?

தோட்டத்து லயம் கம்பெனிக்குச் சொந்தம். கூரை ஒழுகினால் தாத்தா பாட்டி நிர்வாகத்திடம் போய் நின்றார்கள். சொந்த வீடு வாங்குவதில் நம்மில் பலர் முதல் தலைமுறை. இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆள் இல்லை. கடனோ 35 ஆண்டு வரை ஓடலாம்.

அதனால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பரிசோதனையை முடிச்சிடுங்க. அறிக்கையில் குறை இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். பெரிய குறை என்றால், அந்த வீட்டை விட்டுவிடவும் அப்போது வழி இருக்கும்.